பள்ளத்தூர் உரிமையாளரும் குரும்பூர் கரும்பும்

அறந்தாங்கி வட்டாரத்தில் கரும்பு போட்டவர்களுக்குப் பாரி என்றால் குரும்பூர் ஆலைதான். சென்னையின் பாரிமுனை அவர்கள் நினைவுக்கு வராது. ஆலையோடு பதிவு செய்துகொள்வது, வெட்டு உத்தரவுக்குக் காத்திருப்பது, உத்தரவு தள்ளிப்போனால் காய்ந்து எடை குறையும் கரும்பைப் பார்த்துக் கவலைப்படுவது என்று ஒரு தலைமுறையே அந்த ஆலையைச் சுற்றி வாழ்ந்தது. இன்று ஈ.ஐ.டி. பாரி கம்பெனி நடத்தும் சர்க்கரை ஆலைகள் ஆறு. தமிழ்நாட்டில் நெல்லிக்குப்பம், புகழூர். ஆந்திரத்தில் சங்கிலி. கர்நாடகத்தில் பாகல்கோட், ஹலியால், ராம்துர்க். குரும்பூர் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தக் கம்பெனி வெளிநாட்டார் கையில் இருந்திருந்தால் ஒரு வரியில் கதையை முடித்துவிடலாம்: லாபம் குறைந்தது, மூட்டை கட்டினார்கள். ஆனால் பாரியின் உரிமையாளர்கள் முருகப்பா குடும்பத்தார். காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூர் அவர்கள் பூர்வீகம். அறந்தாங்கியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். வெள்ளைக்காரர் தொடங்கிய கம்பெனியை நம் மண்ணைச் சேர்ந்தவர்கள் வாங்கி, நொடித்துக் கிடந்ததை நிமிர்த்தி, நம் வட்டத்திலேயே ஓர் ஆலையும் வைத்தார்கள். பிறகு அந்த ஆலையின் அரவை நின்றது. இரண்டும் உண்மை. உள்ளூர் உரிமை ஒரு கம்பெனிக்கு என்ன செய்கிறது, ஓர் ஊருக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியை இவ்வளவு நெருக்கமாக வைத்துப் பார்க்க வேறு இடம் தேட வேண்டியதில்லை.

வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த தாமஸ் பாரி சென்னையில் வியாபாரம் தொடங்கியது 1788இல். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை எழுந்தது 1840களில். இந்தியாவின் பழைய சர்க்கரை ஆலைகளில் முதல் வரிசையில் வைத்துச் சொல்லப்படுவது அது. சாராயம், சர்க்கரை, மிட்டாய், உரம், ராணிப்பேட்டையின் பீங்கான் கழிவறைப் பொருட்கள் எனக் கிளைகள் விரிந்தன. சென்னை என்.எஸ்.சி. போஸ் சாலை முனையில் கம்பெனியின் தலைமையகமான டேர் ஹவுஸ் 1940இல் எழுந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் இத்தகைய கம்பெனிகளுக்கு ஒரு கண் லண்டனில்தான் இருந்தது.

அந்தக் கட்டமைப்பு எப்படி இயங்கியது என்பதை அறந்தாங்கிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. கல்லணைக் கால்வாய் தஞ்சையைக் கடந்து நம் புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் வந்து முடிகிறது. மேட்டூரில் மதகு திறக்கும் நாளும் நீரின் அளவும் வேறெங்கோ முடிவாகும். மேலே பாய்ந்தது போக மிச்சம் இருந்தால் கடைமடைக்கு. வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியின் கிளை நிலையும் அதுதான். புது எந்திரம் வாங்க வேண்டுமா, பழைய பொருளை மாற்ற வேண்டுமா, பக்கத்து நாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாமா, எல்லாவற்றுக்கும் மேலே கேட்க வேண்டும். மேலே இருப்பவருக்கு இருபது நாடுகளில் கிளைகள். எங்கே ஒரு ரூபாய் போட்டால் சீக்கிரம் திரும்பும் என்றுதான் அவர் கணக்குப் பார்ப்பார். இங்கே அமர்த்தப்படும் மேலாளர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறவர். அந்தக் காலத்துக்குள் நல்ல பெயர் எடுப்பது அவருக்கு முக்கியம். பத்து ஆண்டு கழித்துப் பலன் தரும் முதலீட்டுக்காக மேலிடத்தோடு மல்லுக்கட்ட அவருக்குக் காரணம் இல்லை. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. அமைப்பே அப்படித்தான் வேலை செய்யும்.

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் பெரும்பாலான வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்கை 40 சதவீதத்துக்குள் குறைக்கச் சொன்னது. கொக்கோ கோலாவும் ஐ.பி.எம்.மும் 1977-78இல் வெளியேறியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதைவிடப் பெரிய விளைவு சத்தமில்லாமல் நடந்தது. பல பழைய பிரிட்டிஷ் கம்பெனிகளின் பங்குகள் அரசு நிதி நிறுவனங்களிடமும் சிறு முதலீட்டாளர்களிடமும் சிதறிப் போய்ச் சேர்ந்தன. காகிதத்தில் உரிமை இந்தியாவுக்கு வந்துவிட்டது. தூக்கம் கெட்டுக் கணக்குப் பார்க்க ஆள் வரவில்லை. பாரியும் நஷ்டத்தில் தள்ளாடியது. நிதி நிறுவனங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1981இல் முருகப்பா குழுமம் அதை ஏற்றது.

இங்கேதான் நான் கவனிக்கச் சொல்வது. அந்நியர் கையிலிருந்து விடுபட்டதால் மட்டும் பாரி பிழைக்கவில்லை. விடுபட்ட பிறகும் சீரழிந்துகொண்டுதான் இருந்தது. முடிவெடுக்கும் அதிகாரமும், அந்த முடிவின் பலனுக்காகக் காத்திருக்கும் பொறுமையான பணமும், தொழில் தெரிந்த தலைமையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்த பிறகுதான் பிழைத்தது.

முருகப்பா குடும்பம் அதற்கு ஏன் பொருத்தமாக இருந்தது என்பதற்கு அவர்கள் வரலாற்றில் பதில் இருக்கிறது. திவான் பகதூர் ஏ.எம். முருகப்பச் செட்டியார் 1900 வாக்கில் பர்மாவின் மௌல்மேனில் வட்டித் தொழில் தொடங்கியவர். பர்மாவில் ஜப்பானியர் நுழைவதற்கு முன்பே, 1930களில், குடும்பம் தன் முதலின் பெரும்பகுதியை இந்தியாவுக்குத் திருப்பிவிட்டது. செட்டிநாட்டில் எத்தனையோ குடும்பங்கள் அங்கே எல்லாவற்றையும் இழந்து திரும்பியபோது இவர்கள் தப்பித்தது இந்த ஒரு முடிவால்தான். திரும்பி வந்த பணம் தொழிற்சாலைகளானது. 1949இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து சைக்கிள் கம்பெனி. 1954இல் அமெரிக்க, பிரிட்டிஷ் கூட்டாளிகளோடு கார்போரண்டம் யுனிவர்சல். ஹெர்குலிஸ் சைக்கிளை அம்பத்தூரில் செய்து ஊர் ஊராக விற்றவர்களுக்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை எப்படி வாங்குவது, எவ்வளவு காலத்தில் அதைத் தன் கைக்குள் கொண்டுவருவது என்பதில் முப்பது ஆண்டுப் பழக்கம் இருந்தது. பாரி அவர்களிடம் வந்தபோது அது புதுப் பாடமில்லை.

வாங்கியதோடு நிற்காமல், விற்க வேண்டியதை விற்கவும் அவர்கள் தயங்கவில்லை. பாரி மிட்டாய் 2004இல் கொரியாவின் லோட்டேவுக்குப் போனது. பாரிவேர் சில ஆண்டுகள் கழித்து ஸ்பெயினின் ரோகாவுக்கு. நூறாண்டுப் பெயர்களை அந்நியருக்குக் கொடுத்துவிட்டார்களே என்று அன்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. கையில் இருக்கும் பணத்தை எந்தத் தொழிலில் ஊன்றுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையே உள்ளூர் உரிமையின் முதல் பயன். அந்தத் தேர்வின் பெரிய பலன் கோரமண்டல். 1960களில் அமெரிக்காவின் செவ்ரான், ஐ.எம்.சி. ஆகிய கம்பெனிகளும் பாரியும் கூட்டாகத் தொடங்கிய உரக் கம்பெனி அது. விசாகப்பட்டினத்தில் உற்பத்தி 1967இல் ஆரம்பித்தது. அமெரிக்கர்கள் விலகிய பின் அதைப் பாரி தன் துணைக் கம்பெனியாக்கியது. இன்று நாட்டின் பாஸ்பேட் உர உற்பத்தியில் முன்வரிசைத் தனியார் கம்பெனிகளில் ஒன்று கோரமண்டல். அமெரிக்கருக்குக் கைவிட்டால் போகும் கிளையாகத் தெரிந்தது, இங்கிருப்பவருக்கு வீட்டின் மையத் தூணாகத் தெரிந்திருக்கிறது.

முருகப்பா குடும்பத்தின் எம்.வி. சுப்பையா போன்றவர்கள் இந்தக் காலத்தில் செய்த இன்னொன்று குறைவாகவே பேசப்படுகிறது. உரிமை குடும்பத்திடம் இருக்கட்டும், கம்பெனிகளை அன்றாடம் நடத்துவது தொழில்முறை நிர்வாகிகளாக இருக்கட்டும் என்று 1990களின் இறுதியில் இரண்டையும் பிரித்தார்கள். உள்ளூர்க் குடும்பத் தொழில்கள் அழிவது பெரும்பாலும் அடுத்த தலைமுறையின் பாகப்பிரிவினையில் என்று தெரிந்து எடுத்த முடிவு. அதிலும் குறை இல்லாமல் இல்லை. குடும்பத்தின் மறைந்த எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலம், குடும்ப முதலீட்டுக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டபோது 2020இல் அது வாக்கெடுப்பில் மறுக்கப்பட்டது. 2023இல்தான் சமரசம் வந்தது. நம் சமூகத்தின் பலங்களோடு அதன் பழைய கதவடைப்புகளும் உள்ளூர் உரிமையோடு சேர்ந்தே வரும்.

சென்னையின் மற்றக் கம்பெனிகளையும் இதே கேள்வியோடு பார்க்கலாம். 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, லேலண்டின் முதலீடு வந்தபின் 1955இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் நிற்கும் அரசுப் பேருந்துகளில் பெரும்பான்மைக்கு அடிச்சட்டமும் எஞ்சினும் அங்கிருந்து வந்தவை. பிரிட்டனின் லேலண்ட் தன் பங்கை 1987இல் இந்துஜா குடும்பமும் இத்தாலியின் இவெக்கோவும் சேர்ந்த கூட்டுக்கு விற்றது. ஆறே ஆண்டில், 1993இல், பிரிட்டனில் லேலண்ட் டாஃப் நொடித்துப் போனது. தாய் சாய்ந்தது, கிளை தழைத்தது. 2011இல் பிரிட்டிஷ் பேருந்து கம்பெனியான ஆப்டேரில் பெரும்பான்மைப் பங்கை வாங்கும் நிலைக்கு அசோக் லேலண்ட் வந்துவிட்டது.

ஆனால் இந்துஜாக்கள் வசித்ததோ லண்டனில். உரிமையாளரின் முகவரியைப் பார்த்தால் கம்பெனி லண்டனிலிருந்து லண்டனுக்கே கைமாறியது என்று சொல்லலாம். மாறியது வேறு. ஆர். சேஷசாயி போல அந்தக் கம்பெனிக்குள்ளேயே வளர்ந்த, நம் சாலையையும் நம் போக்குவரத்துக் கழகத்தையும் அறிந்தவர்கள் பல ஆண்டு தொடர்ந்து தலைமை வகித்தார்கள். ஒரு லாரியில் எவ்வளவு எழுதியிருக்கிறது, எவ்வளவு ஏற்றுவார்கள் என்ற வித்தியாசத்தை அறிந்து வண்டி வடிவமைப்பவர் இங்கேதான் இருக்க முடியும். ஒரு பட்டை உடைந்தால் அறந்தாங்கி ஒர்க்‌ஷாப்பில் அன்றைக்கே மாற்ற முடிய வேண்டும் என்பது பிரிட்டனில் இருந்தவருக்குத் தோன்றாது.

திருவொற்றியூரின் என்ஃபீல்டு இதைவிடத் தெளிவான கதை. ராணுவத்துக்குப் புல்லட் தேவைப்பட்டதால் மெட்ராஸ் மோட்டார்ஸும் பிரிட்டனின் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் தொடங்கிய கம்பெனி. ரெட்டிச் ஊரில் இருந்த தாய் ஆலை 1967இல் மூடப்பட்டது; 1970இல் பிரிட்டனில் உற்பத்தியே நின்றுபோனது. சென்னை மட்டும் அதே புல்லட்டைச் செய்துகொண்டே இருந்தது. தாய் இல்லாத பிறகு இருபது ஆண்டுக்கும் மேல் இந்தியக் கைகளில்தான் இருந்தது, இருந்தும் பெரிதாக வளரவில்லை. எண்ணெய் ஒழுகும், ஸ்டார்ட் ஆகாது என்ற பெயரோடு ஓடியது. 1990இல் பங்கு வாங்கத் தொடங்கிய ஐஷர் 1994இல் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகும் நஷ்டம் நிற்கவில்லை. விற்றுவிடலாம் என்ற பேச்சு 2000இல் எழுந்தபோது ஐஷர் உரிமையாளர் குடும்பத்தின் 26 வயது சித்தார்த்த லால் அவகாசம் கேட்டுப் பொறுப்பேற்றார். அப்போது மாதம் சுமார் 2,000 வண்டி விற்றது.

அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டு. ஐஷர் குழுமம் அள்ளி வைத்திருந்த பல தொழில்களை விற்று, மோட்டார் சைக்கிளிலும் லாரியிலும் மட்டும் நின்றார். அப்படி விற்றதில் ஐஷர் டிராக்டரும் ஒன்று. அதை 2005இல் சென்னையின் டாஃபே வாங்கியது. இரண்டாவது, பழைய தோற்றத்தை விடாமல் உள்ளே இருக்கும் எஞ்சினை முழுக்க மாற்றினார். 2009இல் கிளாசிக் வந்தது. 2014இல் ஆண்டு விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியது; 2018 வாக்கில் 8 லட்சம். பிறகு இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரிலேயே ஒரு தொழில்நுட்ப மையம் அமைத்தார்கள். கட்டளை சென்னையிலிருந்து போகிறது, அங்கே பொறியாளர்கள் வரைகிறார்கள். லால் தமிழரில்லை, டெல்லிக்காரர். அவருடைய ஊர் எது என்பதால் அல்ல, ஒரே பொருளின் மேல் அவர் வைத்த பிடிவாதத்தால்தான் திருவொற்றியூர் பிழைத்தது.

டாஃபேவைச் சொல்லாமல் விட முடியாது, நம் வயல்களில் ஓடும் மாஸி பெர்குசன் அவர்களுடையது. சிம்சன் என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனியைத் தன்வசமாக்கி அமால்கமேஷன்ஸ் குழுமத்தை உருவாக்கியவர் ஆழ்வார்திருநகரியின் எஸ். அனந்தராமகிருஷ்ணன். அந்தக் குழுமம் மாஸி பெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் டிராக்டர் செய்யத் தொடங்கியது. பின்னர் அமெரிக்காவின் ஆக்கோ கம்பெனி மாஸி பெர்குசனை உலக அளவில் வாங்கியது. சில பத்தாண்டுகளில் மல்லிகா சீனிவாசன் தலைமையில் டாஃபே அந்த ஆக்கோவிலேயே 16 சதவீதத்துக்கும் மேல் பங்கு வைத்திருக்கும் பெரிய பங்குதாரரானது. பெயர் உரிமையை ஆக்கோ 2024இல் முறிக்கப் பார்க்க, வழக்கு நடந்தது. 2025இல் வந்த உடன்பாட்டில் டாஃபேயில் ஆக்கோ வைத்திருந்த பங்கைத் திரும்பப் பெற்றதோடு, இந்தியாவில் மாஸி பெர்குசன் என்ற பெயருக்கே டாஃபே உரிமையாளரானது. அறுபது ஆண்டுகள் இரவல் பெயரில் சொந்தப் பொருள் செய்தவர்களுக்குப் பெயரும் சொந்தமானது. நான் இதைப் படித்தபோது மனம் நிறைந்தது.

இதே வாதம் எதிர்த்திசையிலும் பொருந்துகிறது. டாடா 2008இல் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியபோது மும்பையிலிருந்து கார் வரையத் தொடங்கவில்லை. பிரிட்டனில் இருந்தவர்கள் கையிலேயே வேலையை விட்டு, பணத்தையும் பொறுமையையும் மட்டும் கொண்டுபோனது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு டன்லப்பை மறைத்தால் நேர்மை ஆகாது. மேற்கு வங்கத்தின் சாகஞ்சிலும் நம் அம்பத்தூரிலும் ஆலை வைத்து, ஒரு காலத்தில் நாட்டின் முதல் டயர் கம்பெனியாக இருந்தது டன்லப் இந்தியா. 1980களின் நடுவில் பிரிட்டிஷ் தாய்க் கம்பெனியிடமிருந்து இந்தியர் கைக்கு வந்தது. முதலில் தொழிலதிபர்கள் சாப்ரியாவும் கோயங்காவும், 2005இல் ரூயா. திறப்பும் மூடலுமாக இழுத்து, கடைசியில் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. பின்னி ஆலைகள் இன்னொரு துயரம். 1870களிலும் 1880களிலும் எழுந்த பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் பெரம்பூரில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. 1918இல் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்ததும் அந்தத் தொழிலாளர்களால்தான். 1996இல் அவை நிரந்தரமாக மூடப்பட்டன. அந்த மனைகளின் மதிப்பு தறியின் மதிப்பைத் தாண்டிப் போயிருந்தது.

பழைய அந்நியக் கம்பெனியை வாங்கும் உள்ளூர்க்காரர் எதைப் பார்த்து வாங்குகிறார் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. ஊருக்கு நடுவே வந்துவிட்ட நிலத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு எந்திரம் இடைஞ்சல். தொழிலைப் பார்த்து வாங்குகிறவர் முதல் ஐந்தாண்டில் எந்திரத்தில் பணம் போடுவார். விற்பனைக்கு அனுமதி தரும் அரசும், கடன் கொடுத்த வங்கியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. டன்லப்பிலும் பின்னியிலும் அந்தக் கேள்வியை உரிய நேரத்தில் கேட்டவர்கள் தொழிலாளர்கள்தான். அவர்களுக்குப் பதில் சொல்ல யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை.

குரும்பூர் இந்த இரண்டு வகையிலும் சேராது. நிலத்துக்காக மூடிய ஆலை அது என்று நான் சொல்ல மாட்டேன். கரும்பு பத்து, பன்னிரண்டு மாதம் தண்ணீரில் நிற்கும் பயிர். புதுக்கோட்டை மாவட்டத்தின் சராசரி மழை 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. கிணறும் ஆழ்குழாயும்தான் கதி. அந்த நிலத்தடி நீரை வனத் தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகள் உறிஞ்சுவதாக இந்த மாவட்டத்தில் நெடுநாளாகக் குரல் எழும்புகிறது. 2016 வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 சதவீதம் பொய்த்தது. தமிழ்நாட்டின் சர்க்கரை உற்பத்தி 2011-12இல் சுமார் 24 லட்சம் டன்னாக இருந்தது, 2017-18இல் 10 லட்சம் டன்னுக்கும் வெகுவாகக் கீழே விழுந்தது. ஆலைகள் பாதித் திறனுக்குக் கூடக் கரும்பு கிடைக்காமல் நின்றன. விலையும் குழம்பியது. மாநில அரசு பரிந்துரைத்த விலைக்கும் தனியார் ஆலைகள் கொடுத்த விலைக்கும் இடைப்பட்ட நிலுவை ஆண்டுக்கணக்கில் தேங்கியது. 2017-18இல் வருவாய்ப் பங்கீட்டு முறை வந்தபோது, ஏற்கெனவே பலர் கரும்பை விட்டு நெல்லுக்கும் தென்னைக்கும் போயிருந்தார்கள். அந்தத் தென்னையையும் 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தது.

இதற்கு முன்பே கம்பெனி கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ஆலைகளை வாங்கியிருந்தது. அங்கே ஆற்று நீர் உண்டு, கரும்பில் சர்க்கரைச் சத்தும் கூடுதல். டேர் ஹவுஸில் உட்கார்ந்து ஆலைகளை வரிசைப்படுத்தி எண்களைப் பார்த்தால் பாகல்கோட்டும் ஹலியாலும் மேலே நிற்கும், குரும்பூர் அடியில் நிற்கும். ஒரு கம்பெனியாக அவர்கள் எடுத்த முடிவைத் தவறென்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் லண்டன் நெல்லிக்குப்பத்தைப் பார்த்த அதே பார்வை இது. மூன்று மாநிலங்களில் ஆலைகள் வைத்திருக்கும் எந்த முதலாளிக்கும், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், கடைசியில் நிற்கும் ஆலை ஒரு கிளைதான். பள்ளத்தூருக்கும் குரும்பூருக்கும் இடையே தூரம் குறைவு. முடிவெடுக்கும் மேசைக்கும் கரும்பு வயலுக்கும் இடையே தூரம் அதே அளவில்தான் இருந்தது.

இதே கம்பெனி அந்தத் தூரத்தைக் குறைக்க முயன்ற காலமும் உண்டு. 2000களின் தொடக்கத்தில், செல்பேசி கிராமத்துக்கு வராத நாளில், நெல்லிக்குப்பம் பகுதிக் கிராமங்களில் கணினி மையங்கள் அமைத்துக் கரும்பு விவசாயிக்கு அவருடைய கணக்கையும் விலை விவரத்தையும் பயிர் ஆலோசனையையும் கொடுத்தது. தன் கரும்பு எப்போது வெட்டப்படும், தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதை விவசாயி தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அது செய்தி தெரிவிக்கும் ஏற்பாடு. முடிவில் பங்கு தரும் ஏற்பாடாக வளரவில்லை.

பங்கே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மூணாறு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பின்லே கம்பெனியின் தேயிலைத் தோட்டங்கள் 1976இல் டாடா-பின்லே ஆகி, 1983இல் டாடா டீ ஆயின. தோட்டத் தொழில் நஷ்டம் தந்தபோது, டாடா அந்தத் தோட்டங்களை 2005இல் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி என்ற புதுக் கம்பெனிக்கு மாற்றியது. அதன் பங்குகளில் பெரும்பான்மை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களிடம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தென்மாவட்டங்களிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள். முந்தைய ஆண்டுகளில் நஷ்டம் காட்டிய அதே தோட்டங்கள் கைமாறியதும் லாபம் காட்டின. தோட்டத்தைக் கைவிடாமல், தொழிலாளியைத் தெருவில் விடாமல் ஒரு பெரிய கம்பெனி விலக வழி உண்டு என்று அது நிரூபித்தது.

ஆனால் 2015 செப்டம்பரில் அதே மூணாறில் பல்லாயிரம் பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்தார்கள். போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததுதான் உடனடிக் காரணம். பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில், எல்லாக் கட்சிச் சங்கங்களையும் ஒதுக்கிவைத்து, ஒன்பது நாள் போராடி, கேட்டதைக் கருணைத் தொகையோடு சேர்த்து வாங்கினார்கள். கம்பெனியின் பங்குதாரர்களே கம்பெனியின் வாசலில் முழக்கமிட்டார்கள். பங்குப் பத்திரம் அவர்கள் பெட்டியில் இருந்தது. போனஸ் எவ்வளவு என்று முடிவான அறையில் இலை கிள்ளும் பெண்களின் குரல் இல்லை. பாரி 1981க்கு முன் எதனால் தள்ளாடியதோ, அதே இடைவெளி வேறு உருவில்.

அறந்தாங்கி போன்ற ஊர்கள் இதிலிருந்து கேட்க வேண்டியவை பெரிய கோஷங்கள் இல்லை. ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய ஷரத்துகள். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஓர் ஆலைக்கு இத்தனை கிராமங்கள் என்று அரசு ஒதுக்குகிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் விவசாயி அந்த ஆலைக்கே கரும்பு கொடுக்க வேண்டும். ஆலைக்கு இப்படி உறுதி செய்யப்பட்ட கரும்பு உண்டு. விவசாயிக்கு உறுதி செய்யப்பட்ட ஆலை இல்லை. ஆலையை மூடுவதற்கு முன் அரசின் அனுமதி கேட்டு, தொழிலாளர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று தொழில் தகராறு சட்டம் சொன்னது. பதிவு செய்து நட்டுவிட்டு, அடுத்த மறுதாம்பு வரை அந்த ஆலையை நம்பியிருக்கும் விவசாயிக்கு அதில் தனி இடம் எதுவும் எழுதப்படவில்லை.

ஒரு நடவும் இரண்டு மறுதாம்பும் சேர்ந்தால் மூன்று ஆண்டு. அரவையை நிறுத்த நினைக்கும் ஆலை மூன்று ஆண்டுக்கு முன் சொல்ல வேண்டும் என்பது நியாயமான கேள்வி. எந்திரங்களைக் கழற்றுவதற்கு முன், ஆலையை அந்தப் பகுதி விவசாயிகளின் கூட்டு நிறுவனமோ கூட்டுறவோ வாங்க விரும்புகிறதா என்று முதலில் கேட்கப்பட வேண்டும். வாங்க வழியில்லையென்றால், ஆலை எல்லையில் இருந்த கிராமங்களை எந்த ஆலைக்கு மாற்றுவது, வண்டி வாடகையை யார் ஏற்பது என்பது மூடும் உத்தரவிலேயே இருக்க வேண்டும். புது ஆலையோ வேறு வேளாண் தொழிலோ அரசு நிலத்தையும் சலுகையையும் வாங்கிக்கொண்டு நம் வட்டத்துக்கு வருமானால், அதன் இயக்குநர் குழுவில் விளைவிப்பவர்களின் பிரதிநிதி ஒருவர் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். முதலாளி சியோலிலிருந்து வந்தாலும் பள்ளத்தூரிலிருந்து வந்தாலும் இந்த ஷரத்துகள் ஒன்றுதான். இவற்றைப் பேரம் பேச உகந்த நேரம் அடிக்கல் நாட்டுவதற்கு முன்பு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்க ஆலை மூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.